தனேஷ் போட்ட கூரை

மார்ச் 11, செவ்வாய்

மத்தியானத்துக்கு மேல் நல்ல மழை. மாடியில் தைத்த துணியைத் தொங்கவிடும் அறையில் சொட்டு விழுகிறது. முதலில் எலி வேலை என்று நினைத்து மோந்துகூடப் பார்த்தேன். தண்ணீர்தான்.

மேல்தளம் முழுக்கப் போன கார்த்திகையில்தான் புதிதாகப் போட்டது. போட்டவன் தனேஷ். என் மகள் தர்ஷினியைக் கட்டிக்கொள்ளப் போகிற அதே தனேஷ்.

ஹரி ராயா பெருநாளுக்குத் தைத்து வைத்திருந்த பாஜு கூரோங் உடுப்பு நனைந்துவிட்டது. மலாய் டீச்சர் வீட்டுத் துணி. நல்லவேளை, சாயம் போகவில்லை. வாளி வைத்திருக்கிறேன். டொக், டொக். என் தையல் மெஷினுக்குப் போட்டியாக ஒன்று.

மார்ச் 12, புதன்

தர்ஷினி மலாக்காவில் கிளினிக் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். "உன் மாப்பிள்ளை போட்ட கூரை அழுவுதுடி. உன்னப் பிரிஞ்சு இருக்க முடியல போல."

சிரிப்பாள் என்று பார்த்தேன். போனை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். அம்மா சொன்னதற்குச் சிரிப்பில்லை, அங்கே உடனே ரிப்போர்ட்.

அந்தக் கூரை வேலை நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் மேலே ஜிங்க் தகடு அடித்துவிடலாம் என்றார். மழை பெய்தால் ஜிங்க் போடுகிற சத்தத்தில் வாடிக்கைக்காரர் சொல்கிற அளவே காதில் விழாது, கையை நாலு இஞ்சு கூட வைத்துத் தைத்துவிடுவேன் என்றேன். ரப்பர் பெயிண்ட் அடிக்கலாம் என்று ஒருத்தன் வந்தான். தனேஷ்தான் தார் ஷீட் சொன்னது. கேஸ் நெருப்பில் காட்டி, உருக்கி, சிமெண்டோடு ஒட்டுவது. பத்து வருஷத்துக்குக் கவலையே வேண்டாம் என்றான். அரை வருஷம் தாங்கவில்லையே!

அந்த வாரம் முழுக்கத் தர்ஷினி லீவு போட்டு வீட்டில் இருந்தாள். அப்படித்தான் ஆரம்பம். அவன் கூரையைப் பார்த்து ஒட்டினானா, சமையல்கட்டைப் பார்த்து ஒட்டினானா? யார் கண்டது.

மார்ச் 16, ஞாயிறு

தனேஷ் வந்தான். ஒரு மணி நேரம் குப்புறப் படுத்து ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தான்.

"ஓரமெல்லாம் நல்லா இருக்கு அத்தை. தண்ணி எறங்குற குழா வாயில கொஞ்சம் இடைவெளி. அடைச்சிட்டேன்."

"அடைச்சியா, இல்ல அடுத்த வாரமும் வர்றதுக்கு வழி வச்சியா?"

காது சிவந்துபோனது அவனுக்கு. தர்ஷினி என்னை முறைத்தாள். நான் பாட்டுக்கு டீ கலக்கினேன்.

ஆனால் ஒன்று. இவர் எதற்கு அவன் கூடவே நின்றார்? ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனுஷன். படிக்கட்டில் நின்ற என் காதில் விழுந்தது: "தொட்டி இருக்குற பக்கம் பாக்க வேணாம்பா. அங்க ஒன்னுமில்ல. வெயில் ஏறுது, வா கீழ போவோம்." மாமனாரும் மருமகனும் இப்போதே ஒரு கட்சியா?

மார்ச் 19, புதன்

மறுபடி மழை. மறுபடி அதே இடம்.

மார்ச் 22, சனி

பக்கத்துக் கடை முத்தாயி அக்கா, துணி வெளுத்துக் கொடுப்பவர், ஊசி கேட்டு வந்தார். ஊசிக்காக வரவில்லை, வாளியைப் பார்க்கத்தான் வந்தார் என்பது எனக்குத் தெரியாதா?

"இப்பல்லாம் மட்டமான ஷீட்டுதான் வாங்கி ஒட்டுறானுங்களாம் ஜெயா. மாப்பிள்ளைன்னு சும்மா விட்றாத."

அவர் போன பிறகு வாளி சத்தம் மட்டும். மட்டமான ஷீட்டாக இருக்குமோ? மாமியார் வீடாகப் போகிறதுதானே, கேட்க மாட்டார்கள் என்று பழைய மிச்சத்தை ஒட்டிவிட்டானோ? என் வீட்டுக்கே இப்படி என்றால் என் மகளை எப்படி வைத்துக்கொள்வான்?

கோயில் பெண்கள் வாட்ஸாப்பில் ஒரு வாய்ஸ் விட்டேன். "தனேஷ் கூரை போட்டா ஆளுக்கொரு குடையும் கேட்டு வாங்கிக்குங்க சகோதரிங்களா." எத்தனை சிரிப்புப் படம் வந்தது! வாளி நிரம்பினதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

தர்ஷினி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வாசலிலேயே நின்று கத்தினாள்.

"கோயில் மண்டபத்துக் கூரை வேலைய அவருக்குத்தான் குடுக்குறதா இருந்தாங்க. உங்க வாய்ஸ் கமிட்டி வரைக்கும் போயிருக்கு. இப்ப வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. சந்தோஷமாம்மா?"

"நான் உள்ளதத்தான சொன்னேன்."

"நீங்க ஜோக்கு சொன்னீங்க. அதுக்குத்தான் எல்லாரும் ஃபார்வர்ட் பண்ணாங்க."

கதவை அடைத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை.

ஏன், நான் என்ன பொய்யா சொல்லிட்டேன்? ஒழுகுதா இல்லியா? வாளி எங்க வீட்ல இருக்கா, கமிட்டிக்காரன் வீட்ல இருக்கா? பெத்தவளுக்கு ஒரு சந்தேகம் வரக்கூடாதா? கட்டிக் குடுத்த பெறகு ஒழுகுனா எந்த வாளிய வைக்கிறது நான்?

ஏப்ரல் 4, வெள்ளி

இவர் தினமும் காலையில் மேலே போகிறார். செடிக்குத் தண்ணீர் ஊற்றவாம். கல்யாணமான நாள் முதல் நான் ஊற்றாமல் எந்தச் செடி இந்த வீட்டில் தண்ணீரைப் பார்த்தது?

"கருவேப்பிலைத் தொட்டிய மட்டும் நகத்தாத ஜெயா. வேர் கலங்கிரும்."

"கலங்குறது வேரா, உங்க வயிறா?"

குவளையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். தனேஷோடு சேர்ந்து என்னமோ மறைக்கிறார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இவருக்கு இன்று பகல் ஷிஃப்ட். ஃபாக்டரி கேட்டில் காவலுக்கு உட்கார்ந்திருப்பார். அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் மேலே போனேன். தொட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து நகர்த்தினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

அடியில் தார் ஷீட் மூன்று இடத்தில் இல்லை. கிழிந்த மாதிரி இல்லை, உரித்து எடுத்த மாதிரி. மேலே யாரோ சிமெண்டை அள்ளி அப்பியிருக்கிறார்கள். அது காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. விரலை விட்டால் உள்ளே போகிறது.

பிடிச்சேன் பார் என்றுதான் முதலில் தோன்றியது. ஒட்டாமல் விட்டுவிட்டு, மாமனாரை வைத்துத் தொட்டியால் மூடியிருக்கிறான்! போனை எடுத்துப் படம்கூடப் பிடித்தேன்.

பிறகுதான் அந்த மூன்று இடத்தையும் உற்றுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் செங்கல் அளவு. மூன்றும் முக்கோணமாக. நடுவில் உள்ள ஷீட் அப்பளம் மாதிரி கொப்புளித்துக் கிடக்கிறது.

மூன்று கல் இப்படி வைத்தால் அதற்கு என்ன பேர்? அடுப்பு.

பொங்கல் அடுப்பு.

கீழே தையல் கடை வாசல் மேற்கே பார்க்கிறது. பின்னால் சாக்கடை. சூரியனுக்கு முதுகு காட்டிப் பொங்கல் வைப்பதா, மேலே வைத்தால் கிழக்கு நன்றாகத் தெரியும் என்றது நான். விறகைக் குறைத்துப் போடு என்றார் இவர். பானை எப்போது பொங்குவது என்று இன்னும் இரண்டு கட்டையைச் சொருகினதும் நான். பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. பொங்கலோ பொங்கல் என்று நான் போட்ட சத்தத்தில் முத்தாயி அக்காவே எட்டிப் பார்த்தார்.

நெருப்பு காட்டி ஒட்டினதை நெருப்பு காட்டியே கழற்றியிருக்கிறேன். தை, மாசியில் மழை இல்லை, தெரியவில்லை.

ஆணி அடிக்காதீங்க, டிவி தட்டு மாட்டாதீங்க, கனமா எதையும் இழுக்காதீங்க என்று எல்லாம் சொல்லித்தான் போனான் தனேஷ். மேலே பொங்கல் வைக்காதீங்க என்று எந்தத் தமிழன் சொல்லுவான்? மனசில்தான் தோன்றுமா?

இவர் வந்ததும் தொட்டியைக் காட்டினேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"மறுநாள் கல்ல தூக்குனேன். தோலோட வந்துருச்சு. வீட்ல கெடந்த சிமெண்ட பூசுனேன்."

"அப்பவே சொன்னா என்ன?"

"சொன்னா ஊர் பூரா சொல்லிச் சிரிப்ப. சரி, மெதுவா சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ அந்தப் பையன சொல்ல ஆரம்பிச்சிட்ட. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

இவரைத் திட்ட வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு, போனில் பிடித்த படத்தை அழித்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி, பங்குனி உத்திரம்

கோயிலில் பெண்கள் எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன். "கூரைய எரிச்சவ நாந்தான். மேல பொங்கல் வச்சேன், ஷீட் உருகிப் போச்சு. அந்தப் பையன் வேலையில ஒரு குத்தமும் இல்ல." வாட்ஸாப்பிலும் பேசிப் போட்டேன்.

முத்தாயி அக்கா என் கையைத் தட்டிக்கொடுத்தார். "எனக்குப் புரியுது ஜெயா. பொண்ணப் பெத்தவ. மாப்பிள்ளைய காப்பாத்த நீயே பழிய ஏத்துக்கிற."

"ஐயோ, நெசமாத்தான்கா!"

"ஆமா ஆமா," என்று சிரிக்கிறார்கள். குடை ஜோக்கை நம்பினார்கள், இதை நம்ப மாட்டேன் என்கிறார்கள். கமிட்டிக்காரர் மட்டும் சிரிக்காமல் கேட்டார். கேட்டுவிட்டு, "வேலைய குடுத்தாச்சு லா, இனிமே எப்படி?" என்றார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சித்திரை பிறந்ததும் தனேஷ் வீட்டார் வந்து கல்யாணம் பேசி முடிப்பதாக இன்றைக்குத்தான் நாள் வைத்திருந்தது. காலையில் போன் வந்தது. வரவில்லையாம். தர்ஷினி முதல்நாளே கட்டிப் பார்த்த சேலையை மடித்து உள்ளே வைத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் நானும் இவரும் ரெம்பியாவுக்கு அவர்கள் வீட்டுக்கே போனோம். தனேஷின் அம்மா பெரியநாயகி உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், எல்லாம் முறையாக. பிறகு ஆரம்பித்தார்.

"என் மவன் வெயில்ல நெருப்பப் புடிச்சிக்கிட்டு நிக்கிறவன். அந்த வேலைய ஊரு சிரிக்குது. நாளைக்கு அவன் வாங்கியாந்த மீனு நாறுச்சுன்னா, அதையும் வாய்ஸ் விடுவீங்களா சம்பந்தி?"

நாக்கு நுனியில் மூன்று பதில் வந்து நின்றது. ஒன்றையும் விடவில்லை. "தப்பு என்னுதுதான்," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

தனேஷ் கதவோரம் நின்றான். "கூரைய நான் வந்து சரி பண்ணிக் குடுக்குறேன் ஆண்டி. அது என் வேலை."

ஆண்டி.

போன மாதம் வரைக்கும் அத்தை.

கல்யாண விஷயத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வரும் வழி முழுக்க இவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

மே 10, சனி

தனேஷ் வந்தான். வருகிற நாள் தெரிந்துதான் தர்ஷினி கிளினிக்குக்குக் கிளம்பினாளா? சனிக்கிழமை அவளுக்கு வேலை உண்டா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

பழுதான இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்தான். சிமெண்டைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி, புது ஷீட்டை அகலமாகப் போட்டு, நெருப்பு காட்டி மிதித்து ஒட்டினான். பிறகு தண்ணீரைக் கட்டி நிறுத்திவிட்டு, கீழே என் அறையில் வந்து அண்ணாந்து பார்த்தபடி நின்றான். நானும் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு பேச்சு இல்லை. சொட்டும் இல்லை.

"டீ குடிப்பா."

"வேணாம் ஆண்டி. இன்னொரு எடத்துக்குப் போவணும்."

போகும் முன்னால் வேனிலிருந்து காலோடு இருக்கிற ஒரு சிமெண்ட் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்க் கிழக்கு ஓரத்தில் வைத்தான். "அடுத்த வருஷம் பொங்கல் வைக்கிறதுன்னா இது மேல வைங்க. அடியில காத்து போவும், ஷீட்டுக்குச் சூடு எறங்காது."

கேலி பண்ணுகிறானா என்று முகத்தைப் பார்த்தேன். நான் அவன் இடத்தில் இருந்தால் பண்ணியிருப்பேன். அவன் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஏணியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். டீ ஆறிப்போனது. நானே குடித்தேன்.

மே 17, சனி

தர்ஷினி என்னிடம் பேசியது இந்த வாரம்: சாப்பிட்டேன், தூங்கப் போறேன், அடுப்பு கேஸ் முடிஞ்சிருச்சு.

மே 29, வியாழன்

இப்போதெல்லாம் தர்ஷினி பஸ் லேட் என்கிறாள். இந்த ரூட்டில் பஸ் லேட்டாக வருவது புதுசு இல்லை. ஆனால் பஸ்ஸுக்குக் கால் கடுக்க நின்று வருகிறவள் படியேறும்போது பாட்டு முணுமுணுப்பாளா? இவரிடம் சொன்னேன். "அவள எதுவும் கேக்காத ஜெயா," என்றார். மனுஷன் இப்படிக் கைகூப்பி நான் பார்த்ததில்லை.

ஜூன் 12, வியாழன்

சாயங்காலம் மழை கொட்டோ கொட்டு. வேலையை விட்டுவிட்டு மேலே போய் நின்று பார்த்தேன். அறை காய்ந்து கிடக்கிறது. சுவரைத் தடவிக்கூடப் பார்த்தேன்.

ஜன்னலைச் சாத்தப் போனபோது, எதிர்ப்பக்கம் மரத்தடியில் ஒரு வேன் நின்றது. மேலே ஏணி. விளக்கு எரிகிறது, வைப்பர் ஆடுகிறது, யாரும் இறங்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துத் தர்ஷினி இறங்கினாள். பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினாள். ஓடினவள் நேரே வீட்டுக்கு வரவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி நடந்து வந்தாள். அந்த மழையில்!

அவள் வருவதற்குள் கீழே இறங்கி மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். துணியே வைக்காமல் மிதித்துக்கொண்டிருந்தேன்.

"பஸ்ல வந்தியா?"

"ஆமாம்மா. செம லேட்டு லா."

ஏணி வைத்த பஸ் எந்தக் கம்பெனிடி என்று கேட்க வாய் துறுதுறுத்தது. துண்டை எடுத்துக் கொடுத்தேன். "தலைய தொடச்சிக்க," என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். துண்டை வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில்தான் வந்தாளாம். நம்பிவிட்டேன்.