நீங்கள் திருத்த வந்த தவறு

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பரிசளிப்பு விழா ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. இப்போது அங்கே படிப்பிக்கும் எங்கள் மகள் மேடையில் பேசி முடித்ததும் நான் தேநீர் எடுக்கச் சமையலறைப் பக்கம் போனேன். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஆவியோடு ஈரக் கம்பளிக் கோட்டுகளின் மணமும் தரைக்குப் பூசிய மெழுகின் மணமும் சேர்ந்து வர, என் கால் அப்படியே நின்றுவிட்டது. தோர்ண்டன் ஹீத்தில் ஒரு தேவாலயத்தின் நிலவறைக்கு நான் முதன்முதலாக இறங்கிய மாலை நினைவுக்கு வந்தது. இதை உங்களிடம்தான் சொல்லவேண்டும். வேறு யாரிடம் சொல்ல?

ஊரில் வங்கியில் வேலை பார்த்தவர் நீங்கள். இந்த நாட்டுக்கு வந்து பெட்ரோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தீர்கள். முதலில் ஷிப்ட் முடிந்த களைப்புக்கு என்று ஒரு கிளாஸ். பிறகு உங்கள் அம்மா ஊரில் இறந்தார். சண்டையால் பாதை மூடிக் கிடந்தது. கொள்ளி வைக்கப் போக முடியவில்லை. அதற்குப் பிறகு கிளாஸ் போத்தலாயிற்று. நீங்கள் கை நீட்டியதில்லை, கத்தியதுமில்லை. ஆனால் வீட்டுக்குள் இருந்துகொண்டே எங்களுக்கு இல்லாமல் போனீர்கள். மகள் உங்களைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். நான் வாய் திறந்தால், "களைப்புக்குத்தானே குடிக்கிறன். நான் என்ன குடிகாரனே?" என்பீர்கள்.

தலையிடி என்று டாக்டரம்மாவிடம் போன நான், உங்களைப் பற்றிச் சொல்லி அழுதுவிட்டேன். குடியை விட நினைப்பவர்கள் செவ்வாய்க்கிழமை மாலைகளில் கூடுகிறார்கள் என்று அவர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தேவாலயத்தைச் சொன்னார். உங்களிடம் சொன்னபோது, "எங்கட சனம் கண்டால் என்ன கதைக்கும்?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். என்ன மாதிரியான இடம் என்று பார்த்துவர நானே போனேன்.

முன்கதவைத் திறந்தால் பாட்டுப் பயிற்சி. பாட வந்தவள் என்று நினைத்து ஒருவர் என்னிடம் புத்தகத்தை நீட்டினார். வெட்கத்தோடு வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றிப் போய், படியிறங்கி அடுத்த கதவைத் தள்ளினேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டுச் சிலர் இருந்தார்கள். பஸ் ஓட்டும் பெண் ஒருவர், சீருடையோடு, எழுந்து வந்து தேநீரைக் கையில் தந்து என்னைத் தன் பக்கத்தில் இருத்தினார். "இந்தப் படியில் இறங்குவதுதான் கஷ்டம். நீங்கள் இறங்கிவிட்டீர்கள்," என்றார். எனக்கில்லை, என் கணவருக்கு என்று சொல்ல ஆங்கிலத்தைத் தேடினேன், அழுகைதான் வந்தது. குடிப்பது நான்தான் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒரு கிழவர் கைக்குட்டை தந்தார். எல்லோருமாகச் சேர்ந்து எனக்காகக் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னேன். எத்தனையோ மாதமாகச் சிரிக்காத நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். திடீரென்று சிரிப்பு நின்றது.

"அப்ப அவங்கள் உம்மைக் குடிகாரி எண்டோ நினைச்சுக்கொண்டிருக்கிறாங்கள்?"

"ஓம்."

"நீர் இல்லையெண்டு சொல்லேல்லையே?"

"எனக்குச் சொல்ல ஏலாமல் போச்சு. நீங்கள் வந்து சொல்லுங்கோவன்."

நான் தந்திரமாகச் சொன்னேன் என்று பின்னாளில் பகிடி பண்ணுவீர்கள். சத்தியமாக இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, வங்கிக்குப் போவது போலச் சேர்ட்டை மினுக்கிப் போட்டு, டை கட்டிக்கொண்டு புறப்பட்டீர்கள். "உள்ளுக்க இருக்கிறேல்லை. சொல்லிப்போட்டு உடன வந்திடுவம்," என்றீர்கள்.

கதவடியில் நின்றபடியே, உங்கள் வங்கி ஆங்கிலத்தில் தொடங்கினீர்கள். "மன்னிக்கவேண்டும். ஒரு தவறு நடந்துவிட்டது. என் மனைவி ஒரு துளிகூடத் தொட்டதில்லை. குடிப்பது அவளில்லை. நான்."

சொல்லி முடித்த பிறகுதான் அது உங்கள் காதிலேயே விழுந்தது போலும். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டீர்கள். பஸ் ஓட்டும் பெண் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "அப்படியென்றால் இது உங்களுக்கு. வாருங்கள்," என்றார். நீங்கள் போய் இருந்தீர்கள். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே படியில் இருந்தேன்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. கிறிஸ்மஸுக்கு மறுபடி குடித்தீர்கள். ஊரில் குண்டு விழுந்த செய்தி வந்த கிழமை இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் தலை குனிந்துகொண்டு திரும்பிப் போனீர்கள். "ஏன் குடிச்சனீர் எண்டு அங்க ஒருத்தரும் கேக்கேல்லை. வந்திட்டீர்தானே எண்டினம்," என்று ஒருநாள் சொன்னீர்கள். அதன் பிறகு குடிக்கவில்லை. அப்பா என்று கூப்பிட்டு, பாவாடை நீளத்துக்காக மகள் உங்களோடு சண்டை பிடித்த அன்று, நான் சமையலறைக்குள் போய்ச் சந்தோஷத்தில் அழுதேன்.

இருதயம் நின்று நீங்கள் போனபோது, தகனச்சாலையின் பின்வரிசையில் அந்த நிலவறைக் கூட்டத்தார் வந்து நின்றார்கள். "உவை ஆர்?" என்று என் மாமா காதுக்குள் கேட்டார். "இவற்ற கூட்டாளிமார்," என்றேன்.

நீங்கள் குடித்த காலத்தில், கதவுப் பூட்டுக்குள் திறப்பு எப்படி நுழைகிறது என்று காது கொடுத்துக் கேட்பேன். தடுமாறினால் மகளை மாடிக்கு அனுப்பிவிடுவேன். நீங்கள் குடியை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. உங்களுக்கு அது தெரியும், ஒருநாளும் கோபிக்கவில்லை. கேற்றடியில் வரும்போதே, "நான்தான், வாறன்," என்று தெளிவாகக் குரல் கொடுப்பீர்கள், நான் பயப்படுவதற்கு முன்னால்.

இப்போதும் பின்னேரங்களில் தெருவில் காலடி கேட்டால் என் காது வாசலுக்குப் போகிறது. பயந்து பயந்து கேட்ட அதே காதுதான். இப்போது ஆசையோடு கேட்கிறது.