பன்னிரண்டாம் எண்ணின் பாதை

கருங்கல்மேடு யானைக் கண்காணிப்பு நிலையம்
எழுதுபவர்: சௌதாமினி, புள்ளியியலாளர்

11 மார்ச் 2068, 07:10

பதினொரு யானைகள், பதினொரு கழுத்துப்பட்டைகள். சூரியப் புயலுக்குப் பிறகு மிஞ்சிய இரண்டு செயற்கைக்கோள்கள், பட்டை இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளிகளைப் பத்து அனுப்ப வேண்டிய நேரத்தில் நாலுதான் அனுப்புகின்றன. மிச்சத்தை நான் எழுதிய கணினி மாடல் நிரப்புகிறது. யானை வழக்கமாக எப்படி நடக்கும் என்று அதற்குத் தெரியும். தகவல் விட்டுப்போன இடங்களில் தானே நடத்திக் காட்டிவிடும். திரையில் ஒரே நீலக் கோடு. வந்த புள்ளி எது, கணக்கில் போட்ட புள்ளி எது என்று தனித்தனி நிறத்தில் காட்டும் வசதியைப் போன வருடம் அணைத்துவிட்டேன். கண் வலித்தது.

மாற்று ஆள் இந்த மாதமும் வரவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

12 மார்ச், 06:40

ஏழாம் யானையின் பட்டை கழன்று பள்ளத்தாக்கில் கிடக்கிறது. எடுத்துவரக் கெம்பன் கிளம்பிவிட்டார். தடம் பார்ப்பவர்; என்னைத் தவிர இங்கே இருக்கும் ஒரே மனிதர். போக ஒரு நாள், வர ஒரு நாள். மேட்டைத் தாண்டினால் வாக்கிடாக்கி எடுக்காது. அதனால் உபரிப் பட்டை ஒன்றை அவர் இடுப்பில் கட்டி, பன்னிரண்டாம் எண்ணாகப் பதிந்தேன். ‘இனம்’ என்ற கட்டத்தில் யானையைத் தவிர வேறெதுவும் இல்லை. ஒற்றை ஆண் என்று போட்டேன்.

மேட்டிலிருந்து கடைசியாகப் பேசினார்: “என்னையும் ஆனையாக்கிட்டீங்களே மேடம். நாளைக்குப் பொழுது விழுகறதுக்குள்ள வந்துருவனுங்க. சோறு மட்டும் வெச்சிருங்க.”

13 மார்ச், 18:30

வரவில்லை. திரையில் அவர் கோடு மூங்கில் காட்டையே சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்காவது தேனடை கண்ணில் பட்டிருக்கும். மனுஷனுக்கு நேரம் காலம் கிடையாது. கோபமாக வருகிறது. சோற்றை மூடி வைத்திருக்கிறேன்.

14 மார்ச், 09:15

தலைமை அலுவலகம்: “ட்ரோன் ஒண்ணு உங்க பக்கம் பறந்துட்டிருக்கு. மத்தியானத்துக்குள்ள திரும்பிடும். கெம்பனைத் தேடச் சொல்லட்டுமா?”

நான்: “வேண்டாம். நடந்துட்டுதான் இருக்காரு. இந்தப் பக்கமாத்தான் வர்றாரு.”

கோடு உண்மையிலேயே நிலையத்தை நோக்கித் திரும்பியிருந்தது. சோம்பலில் சொன்ன பதில் இல்லை. பார்த்துத்தான் சொன்னேன்.

14 மார்ச், 15:20

காலையில் கோடு திரும்பிய இடத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர்தான், அதற்கு இத்தனை நேரமா என்று எரிச்சலில் மூலத் தரவைத் திறந்தேன்.

பன்னிரண்டாம் தேதி மதியம் 14:05க்குப் பிறகு கோட்டில் இருப்பது முழுக்க மாடல் போட்டது. செயற்கைக்கோள் சும்மா இருக்கவில்லை. ஒன்பது புள்ளிகள் அனுப்பியிருக்கிறது. ஒன்பதும் வழுக்குப்பாறையின் அடியில், கிட்டத்தட்ட ஒரே இடம். நலமாக இருக்கும் யானை அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிற்காது. அதனால் ‘கருவிக் கோளாறு’ என்று மாடல் ஒன்பதையும் தள்ளிவிட்டது. அந்த விதியை எழுதியவள் நான்.

நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே பதினொரு மீட்டர். நிழலுக்கு நகர்ந்திருக்கிறார். கால் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடந்திருப்பார்.

பட்டையில் அசைவை எண்ணும் கருவி உண்டு. முதல் புள்ளியில் 212. அப்புறம் 190. 140. 77. ஒன்பதாவது, இன்று காலை 10:40க்கு: 6.

நான் ட்ரோன் வேண்டாமென்று சொன்னபோது உயிரோடு இருந்திருக்கிறார்.

15:50

தலைமை அலுவலகம்: “ட்ரோன் போயிருச்சு மேடம். இனிமே நாளைக்குக் காலையிலதான்.”

கயிறு, தண்ணீர், குளுக்கோஸ் எடுத்துக்கொண்டேன். எனக்கு அந்தப் பாறைக்கு வழி தெரியாது. வழி தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

16:10

திரையில் பன்னிரண்டாம் எண் பின்புறத் தண்ணீர்த் தொட்டிக்கு வந்து சேர்ந்துவிட்டது. கோடைக்காலத்தில் ஒற்றை ஆண் யானைகள் அங்கேதான் வரும். பொய் என்று தெரிந்தும் ஓடிப்போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை.

இதைப் படிப்பவருக்கு: கெம்பனுக்கு ஏதாவது ஆனால் காட்டின் மேல் பழி போடாதீர்கள். நான்தான்

16:14

பத்தாவது புள்ளி இப்போது வந்தது. அதே இடம். அசைவு பூஜ்யம்.

மாடல் அதையும் நீக்கிவிட்டது.