முழங்கால் பனி

அன்பு மகளுக்கு,

மூன்று வருடம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்தேன். அதுவும் என் புதுத் துப்பறியும் நாவலின் பிரதி ஓரத்தில், சிவப்பு மையில்!

"அப்பா, எழுநூறு வருஷத்துக்கு முந்தின பனிநாட்டு அரண்மனை, சரி. கொலைகாரன் முழங்கால் அளவு பனியில நடந்து தப்பிக்கிறான். கால்தடம் விழாதா? அரண்மனை வைத்தியர் துப்புக் கிடைக்காம அம்பது பக்கம் அலையுறாரே!"

வயிறு வலிக்கச் சிரித்தேன். எனக்குத் தெரியாமல் பிரதியை உனக்கு அனுப்பிய உன் அம்மா, ஒன்றுமே அறியாதவள் போல் அடுப்படியில் நிற்கிறாள்.

பனியைச் சினிமாவில் மட்டும் பார்த்தவன் வேறெப்படி எழுதுவான்? பனி கொட்டும் உங்கள் ஊரில் நடந்த உன் கல்யாணத்துக்கு, வீம்பு பிடிக்காமல் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

நானும் அம்மாவும் அங்கே வர இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. வாசல் பனியை அள்ள வேண்டாமென்று மாப்பிள்ளையிடம் சொல். முதலில் என் கால்தடம் விழட்டும்.

உன் அப்பா