குணமாகாதவர்கள் எங்கே?

வெள்ளி இரவு.

"குணமானவங்கதான் வந்து சொல்றாங்க மிஸ், ஆகாதவங்க எங்க?" என்று விளம்பரங்களைப் பற்றி என் வகுப்பில் ஒரு மாணவி முன்பு கேட்டாள். இன்று அந்தக் கேள்வி எனக்கே தேவைப்பட்டது.

தம்பி சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, மகாபலிபுரத்தில் எவனோ விற்கும் பொடியைத் தின்கிறான். காலில் புண் ஆறவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "இன்னாக்கா நீ, குரூப்ல அத்தினி பேருக்கும் சரியாகீது பாரு!" என்று பொடிக்காரனின் வாட்ஸ்அப் குரூப்பைக் காட்டுகிறான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் போனை வாங்கி, "சரியாகாதவர்கள் யார்?" என்று அந்தக் குரூப்பில் கேட்டேன். உடனே அவனை வெளியே தள்ளிவிட்டார்கள், அயோக்கியர்கள்.

தம்பி என்னைத் திட்டவில்லை. புண்ணையே பார்த்தான். "சரியாகாதவங்க எத்தினி பேர இப்டி குரூப்லேந்து தூக்கினானுங்களோக்கா!"

காலையில் ஆஸ்பத்திரிக்கு வருகிறானாம்.

பத்துப் பேருக்குக் குணமானது என்று யாராவது சொன்னால், அந்த மருந்தை மொத்தம் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேள்.