பட்டியலில் கடைசிப் பெயர்

மட்டாஞ்சேரி
18-2-1983

சிரஞ்சீவி வெங்கிட்டுவுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. பகவான் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் பாக்கியலக்ஷ்மியும் அந்தக் கனடாக் குளிரில் சௌக்கியமாய் இருக்கணும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். என் முட்டுவலி அப்படியேதான் இருக்கு, அதை விடு. உன் லெட்டர் போன வெள்ளிக்கிழமை வந்தது. பெரிய கம்பெனியில் ஆள் குறைத்து உன்னை வீட்டுக்கு அனுப்பினதும், இப்போ பத்தொன்பது பேர் உட்காரும் சின்ன விமானம் ஓட்டும் கம்பெனியில் சேர்ந்ததும் படித்தேன். அந்த முதலாளி பழைய கம்பெனியிலிருந்து சேர்ந்து வந்த உங்கள் ஆறு பேருக்கும் அங்கத்து சர்வீஸைச் சேர்த்து நேரே கேப்டனாக்குகிறேன் என்றதும், அங்கேயே வருஷக்கணக்காய் ஓட்டினவர்கள் எங்கள் தலைக்கு மேல் ஆளைப் போடுவதா என்று ஸ்டிரைக்குக் கிளம்பினதும், அந்த மீட்டிங்கில் நீ எழுந்து நின்று, இவர்கள் சொல்வது நியாயம், என் பெயரை சீனியாரிட்டி பட்டியலில் கடைசியில் போடுங்கள் என்று சொன்னதும் படித்தபோது எனக்கு மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை. கூட வந்தவர்களில் ரெண்டு பேர் இன்னும் உன் முகத்தைப் பார்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். பதினோரு வருஷ சர்வீஸைக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்துவிட்டு, இருபத்தேழு வயசுப் பெண்குட்டி கேப்டன் சீட்டில் இருக்க நீ பக்கத்தில் உட்கார்ந்து எஸ் கேப்டன் என்கிறாயாமே. பனிக்காற்றில் ஒரு இஞ்சின் நின்றபோது அவள் குரல்கூட மாறாமல் இறக்கினாள் என்று நீ எழுதினதைப் படித்துவிட்டு, படகுத்துறையில் போய் நின்று எதிர்த் தீவில் இறங்குகிற விமானத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகாசத்தில் இப்படியும் ஒரு குட்டி, அவள் பக்கத்தில் என் பிள்ளை என்று நினைத்தால் மேலெல்லாம் சிலிர்க்கிறது.

இனிமேல் எழுதுவதுதான் முக்கியம், நிதானமாய்ப் படி. அப்பா உன் லெட்டரை மூணு தரம் வாசித்தார், ராத்திரி சாப்பாடும் வேண்டாம் என்றார். அப்பா முதலில் இருந்த மிளகுக் கம்பெனி மூடினதும் கொப்பரைத் தேங்காய்க் கம்பெனியில் சேர்ந்தார் இல்லையா, அப்போ நீ சின்னவன், உனக்குத் தெரியாது. அங்கே பிச்சைமணி என்று திருநெல்வேலிக்காரர், பதிமூணு வருஷமாய் இருந்தவர், ஹெட் கிளார்க் வேலை அவருக்கு வரவேண்டியது. அப்பா பழைய கம்பெனி சர்வீஸையும் சேர்த்துக்கொள்ளணும் என்று மனு மேல் மனு போட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிச்சைமணி ரிட்டயர் ஆகிறவரை குமாஸ்தாவாகவே இருந்தார். பத்தொன்பது வருஷம் ஒரே அறை, ஃபைலைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. பஜாரில் அவர் சம்சாரம் பேச்சியம்மாள் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். நியாயம் நம் பக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலையில் அப்பா உன் லெட்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பிச்சைமணி இருக்கும் பள்ளுருத்திக்கு பஸ் ஏறினார், நானும் பின்னாலேயே ஏறிவிட்டேன். பிச்சைமணி வாசலில் நின்று வாங்க சார் என்றார், அவ்வளவுதான். அப்பா உட்காரவே இல்லை, நின்றபடியே உன் லெட்டரை முழுக்க வாசித்தார், மீட்டிங் வருமிடத்தில் லெட்டரை என்னிடம் நீட்டிவிட்டார், மிச்சத்தை நான் வாசித்தேன். அப்புறம் அப்பா, அன்றைக்கு நான் செய்தது தப்பு பிச்சைமணி என்றார். இந்த வார்த்தையை நாற்பது வருஷத்தில் என்னிடம்கூட அவர் சொன்னதில்லை. பிச்சைமணி, ரொம்ப வலிச்சுது சார், இல்லைன்னு சொல்ல மாட்டேன் என்றார். கொஞ்சம் பொறுத்து, அந்தப் பிள்ளை எழுந்து நின்ன இடத்தை இன்னொரு தடவை படிங்கம்மா என்று என்னிடம் கேட்டார். பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாயா கொண்டுவந்தாள். அப்பா உட்கார்ந்து குடித்தார். உன்னைப் பெற்று வளர்த்தது நாங்கள்தானா என்று எனக்கே ஆச்சரியமாய் இருந்தது.

அந்தக் குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. உன்னோடு பேசாத அந்த ரெண்டு பேரிடமும் நீயே முதலில் போய்ப் பேசு, பத்தொன்பது வருஷம் ஆகவிடாதே. பாக்கியம் ஏதாவது சொன்னால் கோபிக்காதே, சம்பளம் பாதியானால் வீடு நடத்துகிறவளுக்குத்தான் தெரியும். நீங்கள் இருவரும் தீர்க்காயுசாய் இருக்கணும்.

இப்படிக்கு,
உன் அம்மா சீதாலக்ஷ்மி

கீழே இடம் விடச் சொல்லி அப்பா பேனா வாங்கினார். அரை மணி உட்கார்ந்து எழுதினது இதுதான்:

வெங்கிட்டு, நீ செய்ததை என்னால் செய்ய முடியவில்லை. நமஸ்காரம் பண்ணணும் போல இருக்கு. பிள்ளைக்குப் பண்ணக்கூடாது என்கிறாள் உன் அம்மா.
வைத்தீஸ்வரன்