ஐந்து ரப்பர் கொட்டை

கச்சால் தீவு, நிக்கோபார்,
12.6.2007

தமிழரசி அப்பாவுக்கு மருதாயி எழுதுவது. நான் இருக்கிறேன். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் தெரியவில்லை.

இந்த மாதம் கப்பல் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் ஜெட்டிப் பாலத்தில் போய் நின்றேன். “வெள்ளைச்சாமி மெயின்லேண்ட்ல வீடே கட்டிட்டானா?” என்று ராஜமாணிக்கம் அண்ணன் கேலி செய்கிறார். சிரித்துவிட்டு வந்தேன். வந்து அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாகப்பட்டினத்தில் சுனாமிப் பிள்ளைகள் விடுதியில் ஒரு பிள்ளைக்கு நம் மகள் சாயல் என்று எழுதினீர்கள். அது அவள் இல்லை என்ற கடிதமும் வந்தது. இப்போது மதுரைக்குப் போகிறேன் என்கிறீர்கள்.

இங்கே தகரக் கொட்டகைக்கு ஆராய்ச்சி செய்கிறவர்கள் வந்திருந்தார்கள். அகதிகளின் மனக்கஷ்டத்தைப் பற்றியாம். “பாஸ்போர்ட்டோட சிலோன்லருந்து வந்தவங்கம்மா நாங்க, அகதி இல்ல” என்று அண்ணன் சண்டைக்கே போய்விட்டார். வந்தவர்களில் ஒரு பெண், பாவம், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சுனாமிக்கு முந்திய பட்டியலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தாள்.

ரப்பர் தோட்டத்துப் பெரட்டில் காலையில் பெயர் கூப்பிடும்போது ஆள் வரப் பிந்தினால், பெயரை வெட்டிவிடக் கூடாதே என்று பக்கத்தில் நிற்பவர்கள் குரல் கொடுப்போமே, அந்தப் பாழும் பழக்கம். தமிழரசி என்று வாசித்ததும் “வந்திருக்கா” என்று சொல்லிவிட்டேன். அவளும் டிக் போட்டுவிட்டாள். யாரும் திருத்தவில்லை.

அப்புறம் எதை முதலில் ஆராய வேண்டும் என்று எங்களையே கேட்டார்கள். தூக்கம், குடி, கடல் பயம், பிள்ளைகள் படிப்பு என்று தனித்தனிப் பெட்டி. ஆளுக்கு ஐந்து ரப்பர் கொட்டை. எது முக்கியமோ அதில் போட வேண்டும். விட்டுப்போனது ஏதாவது உண்டா என்றாள். நான் எழுந்துவிட்டேன். “உடம்பு கெடைக்காத பிள்ளைக்குக் காரியம் செய்யலாமா, காத்துக்கிட்டே இருக்கணுமா? காத்திருக்கிறவ என்ன ஆவா? அதைப் பாருங்க” என்றேன்.

அதற்கும் ஒரு பெட்டி வைத்தார்கள். ராஜமாணிக்கம் அண்ணன் தன் ஐந்து கொட்டையையும் அதில் போட்டார். அவர் மகனும் கிடைக்கவில்லையே. பிறகு எல்லோரும் போட்டார்கள். கொட்டைகள் வழிந்து தரையில் ஓடின.

பதில் சொல்ல மூன்று வருடம் ஆகுமாம். நல்ல கதை! அதுவரை என்னால் முடியாது. பூசாரியிடம் கேட்டுவிட்டேன். ஆடி அமாவாசைக்குச் செய்யலாம் என்றார். கோபப்படுவீர்கள், தெரியும். கோபத்தோடாவது கப்பல் ஏறுங்கள். பெற்றவர் பக்கத்தில் இல்லாமல் என் பிள்ளையை நான் ஒருத்தியாக எப்படி அனுப்புவேன்?

வருகிற வழியெல்லாம் முனியாண்டி துணை இருக்கட்டும். இரண்டரை வருடம் அவளைத் தேடிவிட்டீர்கள். இனி என்னைத் தேடி வாருங்கள்.

மருதாயி