வெடித்த நோன்புத் தேங்காய்

ஆடி 1, இரவு.

புது மாப்பிள்ளை தலையாடி விருந்துக்கு வந்த நாள் இப்படியா முடிய வேண்டும்?

வெல்லம், பாசிப்பருப்பு, எள், அவல் எல்லாவற்றையும் ஆடி முதல் நாள் சுடும் நோன்புத் தேங்காய்க்குள் போட்டது நான்தான். பொங்க இடம் விட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், ஆசையில் கண்வரை திணித்துவிட்டேன்.

வாசலில் தீ மூட்டி, குச்சியில் செருகிய தேங்காயை மாப்பிள்ளை வாட்டினார். மகள் கவிதா தள்ளியே நின்றாள்.

"நீயும் வந்து புடி சாமி" என்று அவளைக் கூப்பிட்டேன்.

"அவரே சுடட்டும்மா."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, தேங்காய் படாரென்று வெடித்தது. மாப்பிள்ளை சாம்பலில் கிடந்த துண்டை ஊதித் தின்றார்.

"ருசி நல்லாத்தானுங்க இருக்குது, அத்தை."

அவளுக்கும் ஒரு துண்டு நீட்டினார். அவள் வாங்கவில்லை. நீட்டிய கையை அவர் மெல்ல மடக்கிக்கொண்டார். சாப்பிடாமலே ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

அதிகம் திணித்ததால் வெடித்தது, சகுனமெல்லாம் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் படுத்திருப்பேன். ஆனால் சற்றுமுன் அவள் பெட்டியிலிருந்த துணிகளை அலமாரியில் அடுக்கினேன். ஆடி முடியும்வரை இருந்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறாள். பெட்டியின் அடியில், மார்கழிக் குளிருக்குப் போடும் ஸ்வெட்டர் இருந்தது.